வண்டி எப்படி நின்றது?

ஓடிக்கொண்டிருந்த பைக் நடுவழியில் நின்றுவிட்டது என்று பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனால், நல்ல மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுப்பதில்லை. "எப்படிண்ணே நின்னுச்சு? டப்புன்னு ஆஃப் ஆச்சா, இழுத்து இழுத்து நின்னுச்சா?" என்று கேட்பார். பாதிப் பேர் பதில் தெரியாமல் விழிப்பார்கள். "ஓடிட்டுதான் இருந்துச்சு, நின்னுபோச்சு" என்பதற்கு மேல் அவர்களிடம் தகவல் இருக்காது. அந்த ஒரு கேள்வியிலேயே கோளாறு எந்தப் பக்கம் என்பது பாதி தெரிந்துவிடும்.

ஜெர்மனியின் நிக்கோலாஸ் ஆட்டோ 1876-இல் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினை ஓட்டிக்காட்டிய காலத்திலிருந்து பெட்ரோல் என்ஜினின் தேவைகள் மாறவில்லை. சரியான அளவில் காற்றோடு கலந்த எரிபொருள், அதை நசுக்கும் அழுத்தம், சரியான கணத்தில் ஒரு பொறி. நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடும்போது, ஒற்றை சிலிண்டர் பைக்கில் கலவை நொடிக்கு 33 தடவை பற்றி எரிகிறது. மின்சாரம் அறுந்தால் அடுத்த பொறியே கிடையாது. சுவிட்சை அணைத்ததுபோல் சத்தம் சட்டென்று போய்விடும். பெட்ரோல் அறுந்தால் அப்படி நடக்காது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் சில தேக்கரண்டி பெட்ரோல் தேங்கி நிற்கிறது. அது தீரும்வரை, சில நூறு மீட்டரோ ஒரு கிலோமீட்டரோ, வண்டி ஓடும். கிண்ணத்தில் மட்டம் இறங்க இறங்கக் கலவை மெலியும், இழுவை குறையும், இருமும், ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்னும் மோசமாகும். ஆக, டப்பென்று நின்றால் மின்சாரத்தைப் பாருங்கள், தள்ளாடி நின்றால் பெட்ரோலைப் பாருங்கள். விதிவிலக்குகள் உண்டு, வருகின்றன.

மெக்கானிக்கின் அடுத்த கேள்வி, "எங்கே நின்றது?" இதற்கு ஜவ்வாது மலையைப் போல நல்ல சோதனைக்கூடம் கிடைப்பது கஷ்டம். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறினாலும், திருப்பத்தூரிலிருந்து புதூர்நாடு போனாலும், வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகக் காவலூர் போனாலும், ஏற்றம், கொண்டை ஊசி வளைவு, இறக்கம் மூன்றும் மாறி மாறி வரும். சமவெளி நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகிற வண்டி தன் நோயை ஆறு மாதம் மறைத்து வைக்கும். மலை ஒரே காலையில் வெளியே இழுத்துப் போட்டுவிடும்.

அதற்கு முன், மலையில் வண்டி நின்றால் எல்லோரும் சொல்லும் ஒரு காரணத்தைத் தள்ளிவைத்துவிடலாம். "மேலே காற்று கம்மி, அதான் வண்டி மூச்சு வாங்குது." காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி நிற்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 7 சதவீதம்தான் குறைவு. என்ஜினின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவு குறையும். கார்புரேட்டர் வண்டியில் கலவை 3, 4 சதவீதம் கெட்டியாகும். இதனால் மைலேஜ் கொஞ்சம் அடிபடலாம், ஆனால் என்ஜின் நிற்காது. லடாக்கின் கார்டுங் லா கணவாயில், 5,000 மீட்டருக்கு மேலே, காற்று கீழே இருப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும். அங்கே பேச வேண்டிய பேச்சை இங்கே பேசக்கூடாது. இன்னொன்று, இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். வெறும் பெட்ரோலுக்குக் காற்று எடையில் 14.7 மடங்கு வேண்டும், எத்தனாலுக்கு 9 மடங்கே போதும். அதனால் பழைய கார்புரேட்டர் வண்டியில் இ20 ஊற்றினால் கலவை மெலிகிறது. மலை அதைக் கெட்டியாக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு சரிக்கட்டிக்கொள்கின்றன என்பது வேடிக்கை.

சரி, ஏற்றத்தில் நிற்பதற்கு வருவோம். கீழே ஜோராக ஓடிய வண்டி, இரண்டாவது கியரில் ஆள் ஏற்றிக்கொண்டு ஏறும்போது மட்டும் "மிஸ்ஸிங்" அடிக்கிறது. நிறுத்திப் பார்த்தால் ஐடிலிங் சுத்தமாக இருக்கிறது. பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான். அதைத் தாண்டிப் பொறி பாய எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்பது இடைவெளியை மட்டும் பொறுத்ததல்ல, நடுவிலுள்ள வாயு எவ்வளவு நெருக்கமாக அமுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பொறுத்தது. 1889-இல் ஃப்ரீட்ரிஷ் பாஷன் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் இதை விதியாக எழுதிவைத்தார். ஐடிலிங்கில் ஆக்சிலேட்டர் மூடியிருக்கிறது, சிலிண்டருக்குள் கொஞ்சம் காற்றே போகிறது, அழுத்தமும் குறைவு. தளர்ந்துபோன இக்னிஷன் காயிலால்கூட அங்கே பொறியை எறிந்துவிட முடியும். ஏற்றத்தில் முறுக்கியதும் சிலிண்டர் நிறையக் காற்று புகுந்து, பல மடங்கு நெருக்கமாக இறுகுகிறது. இப்போது தேவைப்படும் ஆயிரக்கணக்கான வோல்ட்டைக் காயிலால் கொடுக்க முடியவில்லை. அல்லது கொடுக்கிறது, ஆனால் அந்த மின்சாரம் பிளக் முனையில் பாயாமல் சுலபமான வேறு வழியைத் தேடிக்கொள்கிறது. பிளக்கின் பீங்கானில் படிந்த கரி ஒரு வழி. வெடித்துப்போன பிளக் கேப் இன்னொன்று. வயரின் உறையிலுள்ள கீறல் மூன்றாவது. இருட்டில் என்ஜினை ஓடவிட்டு அந்தக் கறுப்பு வயரையே உற்றுப் பார்த்தால், கீறல் இருக்கும் இடத்தில் நீலப்பொறி தெறிப்பது கண்ணுக்கே தெரியும். பனி இறங்கிய மலைக்காலையில் இன்னும் நன்றாகத் தெரியும். கையால் மட்டும் தொட்டுப் பார்க்காதீர்கள்.

பிளக்கைக் கழற்றினால் அதன் நிறமும் பேசும். நடு முனையைச் சுற்றிய பீங்கான் காப்பி நிறத்தில் இருந்தால் நல்லது. மைபோல் கறுத்துப் பொடி ஒட்டினால் கலவை கெட்டி, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வெளுத்துப்போயிருந்தால் மெலிந்த கலவை, அளவுக்கு மீறிய சூடு. ஏர் ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செம்மண் தடத்தில் ஓடுகிற வண்டிக்குச் சர்வீஸ் புத்தகம் சொல்லும் கெடு போதாது, முன்னதாகவே மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

வளைவில் நிற்பது வேறு கதை. கொண்டை ஊசி வளைவில் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. ஹேண்டில் முழுசாகத் திரும்புகிறது. கிளட்ச் பிடித்து, ஆக்சிலேட்டரை விடுகிறோம்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். சாவி, ஹெட்லைட், சுவிட்சுகள் இவற்றின் வயர்க் கட்டு ஹேண்டிலின் கழுத்தை ஒட்டி டேங்குக்கு அடியில் போகிறது. ஹேண்டில் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அது அந்த ஓரிடத்திலேயே மடங்கி நிமிர்கிறது. பல ஆண்டு மடங்கினால், மேல் உறை முழுசாக இருக்க, உள்ளேயுள்ள செப்புக்கம்பி இழை இழையாக அறுகிறது. கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி ஒடிப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், உலோகச் சோர்வு என்று இதைச் சொல்கிறோம். ஹேண்டில் நேராக இருந்தால் முனைகள் ஒட்டிக்கொள்கின்றன, இடது பக்கம் முழுசாகத் திருப்பினால் விலகுகின்றன. வண்டி வளைவில் டப்பென்று சாகும். வளைவு தாண்டி நிமிர்த்தினால், ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். இதைக் கண்டுபிடிக்க ஒரு ரூபாய் செலவில்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, என்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் மெதுவாகக் கடைசிவரை திருப்புங்கள். இது தெரியாமல் கார்புரேட்டரை மூன்று தடவை பிரித்துக் கழுவிய பட்டறைகள் உண்டு. இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு பேர்: தளர்ந்த பேட்டரி டெர்மினல், சேறு படிந்த சைடு ஸ்டாண்டு சுவிட்ச். ஸ்டாண்டு கீழே இருக்கிறது என்று அந்தச் சுவிட்ச் தப்பாகச் சொன்னால், புது வண்டிகளில் பலவற்றில் என்ஜின் அணைந்துவிடும். பள்ளத்தில் குலுங்கும்போது அணைந்தால் முதல் சந்தேகம் இவற்றின் மேல்தான்.

இரண்டாவது, கிளட்ச் பிடித்ததும் சாவது. கியரில் இருக்கும்வரை சக்கரமே என்ஜினைச் சுற்றிவிடுகிறது. கிளட்ச் பிடித்த கணம் என்ஜின் தன் காலில் நிற்க வேண்டும். சாதாரணமாக ஐடிலிங் 1,400 சுற்றைச் சுற்றி இருக்கும். அதை 900-க்கு இறக்கி வைத்தால் பெட்ரோல் மிச்சம் என்று நினைப்பவர்களின் வண்டி முதல் கொண்டை ஊசியிலேயே நிற்கும். எஃப்.ஐ. (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டிகளில், இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுசாக மூடியதும் வண்டியின் கணினி பெட்ரோலையே நிறுத்திவிடுகிறது. சுற்று குறைந்து ஐடிலிங்கை நெருங்கும்போது மறுபடி திறக்கிறது. அந்த நேரத்தில் காற்று புக வேண்டிய சிறுவழி கரி படிந்து அடைத்திருந்தால், பெட்ரோல் வந்தும் என்ஜின் பிடித்துக்கொள்ளாது. த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தால் தீரும் நோய் இது. வால்வு இடைவெளி இறுகிப்போன வண்டியும் இப்படித்தான் செய்யும். தாளைப் போன்ற அந்த மெல்லிய இடைவெளி சூட்டில் மறைந்து, வால்வு முழுசாக மூடாமல் அழுத்தம் கசியும். குளிர்ந்தால் சரியாகும், சூடானால் ஐடிலிங் நிலைக்காது.

இறக்கத்தில் நிற்பதுதான் எனக்கு மிகப் பிடித்த புதிர். மலை ஏறும்போது ஒரு குறையும் சொல்லாத வண்டி, சுமையே இல்லாமல் இறங்கும்போது ஏன் பெட்ரோல் இல்லாமல் சாக வேண்டும், அதுவும் டேங்கில் பெட்ரோல் இருக்கும்போது?

டேங்க் மூடியைத் திறந்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ரப்பர் வளையத்துக்கு நடுவே, ஊசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க அதன் இடத்தை நிரப்பக் காற்று வரும் வழி அது. சில வண்டிகளில் மெல்லிய ரப்பர் குழாயாக இருக்கும். வாட்டர் வாஷ் செய்யும்போது போன சேறு, துரு, மேலே போட்ட டேங்க் கவர் எல்லாம் சேர்ந்து அதை அடைத்துவிடுகின்றன. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலைக் கீழே தள்ளுவது அதன் சொந்த எடை மட்டும்தான். டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரம் என்றால், அந்த எடை தருகிற அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் ஒன்றரை சதவீதம்தான். டேங்கின் உள்ளே அழுத்தம் அந்த ஒன்றரை சதவீதம் குறைந்துவிட்டால், கணக்கு சமமாகிப் பெட்ரோல் அப்படியே நின்றுவிடும்.

இப்போது மலையைச் சேர்த்துப் பாருங்கள். 100 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைகிறது. துளை அடைத்த டேங்கோடு ஏறும்போது, கீழே அடைபட்ட காற்று உள்ளே அதிக அழுத்தத்தில் இருக்கும், வெளியே அழுத்தம் குறைந்துகொண்டே போகும். ஆக உள்ளிருக்கும் காற்று பெட்ரோலைத் தள்ளிவிடுகிறது. நோய் மறைகிறது. ஜமுனாமரத்தூரில் ஏரிக்கரையில் சுற்றிவிட்டு, யாரோ மூடியை ஒரு தடவை திறந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்கள். உள்ளும் புறமும் சமமாகிவிட்டது. அங்கிருந்து இறங்கினால் எல்லாம் தலைகீழ். வெளியழுத்தம் ஏறுகிறது, கார்புரேட்டரின் கிண்ணம் வெளிக்காற்றோடு தொடர்பில் இருப்பதால் அங்கேயும் ஏறுகிறது, டேங்குக்குள் மட்டும் மலைமேல் அழுத்தம். செங்குத்தாக 130, 140 மீட்டர் இறங்கினாலே பெட்ரோல் வரத்து நின்றுவிடும். இடையில் செலவான பெட்ரோலையும் சேர்த்தால் அதற்கும் முன்பே. வண்டி இருமி, தள்ளாடி, ஒரு வளைவில் அடங்கும். மூடியைத் திறந்தால் "ஸ்ஸ்" என்று காற்றை உறிஞ்சும் சத்தம். திரும்ப மூடினால் ஸ்டார்ட் ஆகிவிடும், இன்னும் சில கிலோமீட்டருக்கு. அந்த ஒரு சத்தத்தைக் கேட்டவருக்கு வேறு பரிசோதனை வேண்டாம். மெல்லிய கம்பியால் துளையைக் குத்திவிட்டால் போதும்.

மூடியில் குறை இல்லையென்றால் டேங்கின் வடிவத்தைப் பாருங்கள். பைக் டேங்க் குதிரைச் சேணம்போல் நடுவில் மேடேறி, இரண்டு பக்கமும் தொங்குகிறது. பெட்ரோல் காக் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். ரிசர்வுக்கு வந்த பிறகு, மறுபக்கம் தேங்கிய பெட்ரோல் மேட்டைத் தாண்டி வராது. காக் இருக்கும் பக்கமாக வண்டியை நன்றாகச் சாய்த்தால் அது வழிந்து வரும். நடுக்காட்டில் இது பல பேரைக் காப்பாற்றியிருக்கிறது. எஃப்.ஐ. வண்டியில் பம்ப் டேங்கின் உள்ளேயே பெட்ரோலில் மூழ்கி, அந்தப் பெட்ரோலாலேயே சூடு தணிந்து வேலை செய்கிறது. எப்போதும் காலி டேங்கில் ஓட்டுபவர்கள் அதைச் சுட்டுப் பொசுக்குகிறார்கள். அந்த பம்ப்பின் விலை பத்து லிட்டர் பெட்ரோலைப் போலப் பல மடங்கு.

பெட்ரோலில் தண்ணீர் கலந்தாலும் இறக்கத்தில், வளைவில் குலுங்கும்போது திடீரென்று நிற்கும். முன்பெல்லாம் தண்ணீர் டேங்கின் அடியில் தனியாகக் கிடக்கும். இப்போது கலந்திருக்கும் எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். ஓர் அளவு தாண்டினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். காக்கும் பம்ப்பும் உறிஞ்சுவது அந்த அடியைத்தான். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியை நேராக மலைக்கு எடுத்துப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

இனி, மெக்கானிக்குகளையே அழவைக்கும் கோளாறு. இருபது கிலோமீட்டர் ஓடும், டப்பென்று நிற்கும். என்ன செய்தாலும் ஸ்டார்ட் ஆகாது. அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு வந்தால் ஒரே கிக்கில் எடுக்கும். பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே அட்டகாசமாக ஓடும். குற்றவாளி பெரும்பாலும் என்ஜினை ஒட்டியிருந்து பொறிக்கு நேரம் சொல்லும் பல்சர் காயில், இல்லையென்றால் இக்னிஷன் காயில். தலைமயிரைப் போன்ற செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கிறது. ஒரு டிகிரி சூட்டுக்குச் செம்பின் மின்தடை 0.4 சதவீதம் கூடுகிறது. 80 டிகிரி ஏறினால் 30 சதவீதத்துக்கு மேல். நல்ல காயில் இதைத் தாங்கும். உள்ளே எங்கேயோ முடியளவு விரிசல் விட்ட காயிலில், சூட்டில் கம்பி விரிந்து அந்த முனைகள் பிரிந்துவிடும், குளிர்ந்தால் சேரும். குளிர்ந்த காயிலை மீட்டர் வைத்து அளந்தால் எல்லாம் சரி என்றுதான் காட்டும். நின்ற இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள், பொறி வருகிறதா என்று பார்ப்பது ஒன்றே வழி. மூடித் துளை அடைத்தாலும் காத்திருந்தால் ஸ்டார்ட் ஆகும், ஏனென்றால் காற்று எப்படியோ கசிந்து உள்ளே போய்விடும். இரண்டையும் பிரித்துச் சொல்வது முதலில் கேட்ட கேள்விதான்: டப்பென்று நின்றதா, தள்ளாடி நின்றதா.

இந்தியாவில் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து புது பைக்குகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. கணினிக்குக் கோளாறு தெரிந்தால் மீட்டரில் என்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு எரியும். அது எரிந்ததா இல்லையா என்பதைக் கவனித்துச் சொல்லுங்கள். சாவியைப் போட்டதும் டேங்குக்குள் இரண்டு மூன்று நொடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் பம்ப்போ அதன் பியூஸோ போயிருக்கிறது. பேட்டரி முழுக்கச் செத்த எஃப்.ஐ. வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யப் பார்ப்பது பெரும்பாலும் வீண் உழைப்பு. பம்ப்பும் கணினியும் விழித்துக்கொள்ளவே மின்சாரம் வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது என்ஜின் சீஸ் ஆவது. ஆயில் குறைந்து, பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். 2டி ஆயில் ஊற்ற மறந்த ஆர்.எக்ஸ். 100 வண்டிகளால் இதைக் கற்றுக்கொண்டவர்கள் இன்றைக்கும் தழும்பு காட்டுவார்கள். அப்போது என்ஜின் நிற்பதோடு போகாது, பின்சக்கரமும் உருளாமல் பூட்டிக்கொள்ளும். இறக்கத்தில் என்றால் வண்டி வழுக்கிப் படுத்துவிடும். சத்தம் மாறி வண்டி தானாக இழுத்துப் பிடிப்பதுபோல் தோன்றிய கணமே கிளட்ச்சைப் பிடித்துவிடுங்கள், சக்கரம் விடுபடும். ஆறும்வரை கிக்கரை மிதிக்காதீர்கள். எந்தக் காரணத்தால் நின்றாலும் வளைவின் வாயில் நிற்காமல், கிளட்ச் பிடித்தபடி உருட்டிக்கொண்டுபோய் இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரிகிற நேரான இடத்தில் ஓரம் கட்டுங்கள். இண்டிகேட்டர் போட்டு வையுங்கள், மேலிருந்து இறங்கும் பஸ்ஸுக்கு நீங்கள் தெரிய வேண்டும். பிறகு கில் சுவிட்ச், பெட்ரோல் காக், டேங்க் மூடி, பிளக் கேப், பேட்டரி டெர்மினல். கையாலேயே பார்க்கக்கூடியவை இவை. பெட்ரோல் சிந்திய இடத்தில் பிளக்கைக் கழற்றிப் பொறி பார்க்க வேண்டாம்.

பட்டறைக்குப் போகும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: டப்பென்றா தள்ளாடியா, ஏற்றமா இறக்கமா வளைவா, கிளட்ச் பிடித்திருந்ததா, ஹேண்டில் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் ஓடிய பிறகு, டேங்கில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு நேரம் கழித்து எடுத்தது. இதில் ஒன்றைக்கூடக் கேட்காமல் "காயில் போயிடுச்சு, மாத்திடலாம்" என்று சொல்லும் பட்டறையாக இருந்தால், வண்டியை அடுத்த பட்டறைக்குத் தள்ளுங்கள்.